பின்னோக்கி ஐந்து வினாடி

பிப்ரவரி 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். அத்தானும் பாப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். மற்றபடி இன்று எனக்கு இருக்கும் கோபத்தில் சுகம் விசாரிக்கும் பொறுமை இல்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அக்கா, மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசை மேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கம்பெனியின் தட்டச்சு மென்பொருள், அந்த எடிட்டரின் புது வடிவம் எங்கள் தட்டச்சுக் கூடத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. நான் அங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, இப்போது சொல்கிறேன். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் மன்றம் ஒன்று இருக்கிறது. அங்கே பேசுவதையெல்லாம் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் ஆறு பெண்கள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்கிறோம். சாட்சி சொல்கிறவர் நாங்கள் கேட்பதற்காகவா பேசுகிறார்? முணுமுணுப்பார், இருமுவார், நடுவில் யாராவது நாற்காலியை இழுப்பார்கள். புரியாத இடத்தில் ஐந்து வினாடி பின்னால் போய் மறுபடி கேட்க வேண்டும். முன்பு அதற்குக் கால் மிதி இருந்தது. எடிட்டருக்குள்ளேயே ஒலிப்பதிவும் ஓடும் என்று நீங்கள் சொன்னதும் மிதியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். மேல் வரிசையில் எஃப் நான்கு இருந்தது. நடுவிரலால் ஒரு தட்டு. பின்னால் போகும். அவ்வளவுதான்.

இப்போது என்ன? இடது சுண்டுவிரலால் கண்ட்ரோல், மோதிர விரலால் ஷிஃப்ட், இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஜே. தட்டு இருந்த இடத்தில் பிடி. நேற்று எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்வரை ஆயிரத்து அறுநூற்று முப்பது முறை. பழைய விசையை நாங்களே மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று முன்பு ஒரு வசதி இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டீர்கள். இதற்கு நீங்கள் வைத்த பெயர், திரையைத் திறந்ததும் பூப்போட்ட எழுத்தில் வருகிறது: "கைகளுக்கு இதமான புதிய ஷார்ட்கட்கள்!"

யாருடைய கைகளுக்கு? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலம், வேலைதான் கழுத்தை நெரிக்கிறது. அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பா பரீட்சைக்குப் படிக்கிறாளா?

கையால் எழுதினால் என் எழுத்து உனக்குப் புரியாது என்பதால் அச்செடுத்து அனுப்புகிறேன்.

எடிட்டர் விஷயம். உன் சிரமம் புரிகிறது. ஆனால் இந்த மாற்றத்தை யாரும் போகிற போக்கில் செய்துவிடவில்லை. ஒரு நாளில் விரல்கள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று குழு அளந்து பார்த்தது. மேல் வரிசை விசைகளுக்குக் கை எழும்பிப் போய்த் திரும்புவதில்தான் அதிக தூரம் வீணாகிறது. புதிய அமைப்பில் அந்தத் தூரம் நாற்பத்தொரு சதவீதம் குறைந்திருக்கிறது. கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பதினான்கு பேரை வைத்துச் சோதித்த பிறகுதான் வெளியிட்டோம். அவரவர் விருப்பத்துக்கு விசையை மாற்றும் வசதியால் பலருக்குக் குழப்பம் வந்தது, அதனால் நீக்கப்பட்டது.

புதிய ஷார்ட்கட் கைக்குப் பழக முப்பது நாள் ஆகும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகக்கூடி, இது பழக்கத்தைப் பொறுத்த விஷயம். எடிட்டருக்குள் 'உங்கள் கருத்து' என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் எழுதினால் உரியவர்கள் பார்ப்பார்கள்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

எல்லாரும் சுகம். அத்தானின் முதுகு பரவாயில்லை. லிஃப்ட் குழிக்குள் குனிந்து வேலை செய்கிறவருக்கு அதற்கு மேல் என்ன பரவாயில்லை? இப்போது சமையலும் அவர்தான். நான் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். பின்னுவதற்கு நேரமில்லை. பாப்பா பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

முப்பது நாள் என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எழுதியதே நூற்றிருபதாவது நாளில். என் கடிதத்தைப் படித்தாயா, இல்லை, அதற்கும் ஏதாவது ஷார்ட்கட் இருக்கிறதா?

தூரத்தை அளந்தோம் என்கிறாய். நகராமல் ஒரே இடத்தில் அமுக்கிக்கொண்டு நிற்கும் விரலுக்குத் தூரம் சைபர்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறவன்கூட ஒரு அடி நடப்பதில்லை. கை கழன்று விழுகிறவரை உங்கள் கணக்கில் அவன் ஓய்வெடுக்கிறான்.

போன வாரம் ஒரு விசாரணை வந்தது. தகடு வெட்டும் இயந்திரத்தில் இரண்டு விரலைப் பறிகொடுத்த ஆள் பேசுகிறார். "புது மெஷினுங்க. பழையதுல நெம்புகோல் இந்தப் பக்கம் இருந்துச்சு. இதுல அந்தப் பக்கம் வெச்சுட்டாங்க. நான் சொன்னேன், சார், கை போற வழி இது இல்லன்னு." உடனே கம்பெனி வக்கீல் எழுந்து, அவருக்கு முப்பது நாள் பயிற்சி கொடுத்திருந்தோம், அவர்தான் பழகிக்கொள்ளவில்லை என்கிறார். பதினாறு வருடமாக அந்தக் குரலைத் தட்டச்சு செய்கிறேன் சுண்டு. ஒரு நாளும் எனக்கு அது நம் வீட்டுக் குரலாகக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது.

நீ சொன்ன படிவத்தை நாங்கள் ஆறு பேரும் நிரப்பி அனுப்பிவிட்டோம். எங்களில் வேகமானவளை மின்னல் என்று கூப்பிடுவோம். அவள் மட்டும் இரண்டு பக்கம் எழுதினாள். அனுப்பியதும் திரையில் ஒரு சிரித்த முகம் வந்தது. "யாரைப் பாத்து அக்கா சிரிக்குது இது?" என்றாள்.

உன் அக்கா

*

மார்ச் 24

சுண்டுவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இரு.

எங்கள் ஆறு படிவங்களுக்கும் பதில் வந்துவிட்டது. ஆறும் ஒரே பதில். கீழே காற்புள்ளிகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. புதிய ஷார்ட்கட்கள் முறையாகச் சோதிக்கப்பட்டவை. சோதனையில் பங்கேற்ற எவரும் வலியோ அசௌகரியமோ தெரிவிக்கவில்லை. ஆகக்கூடி, இது பழக்கத்தைப் பொறுத்த விஷயம். இந்தக் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது. பயனர் உதவிக் குழு."

மற்ற ஐந்து பேரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான் திட்டவில்லை. நாலாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

நம் அப்பாவைத் தவிர இந்த உலகத்தில் 'ஆகக்கூடி' போட்டு வாக்கியத்தை முடிக்கிற ஆள் ஒருவன்தான். மூன்றாம் வகுப்பில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது 'ஆகக்கூடி பசு ஒரு பிராணி' என்று எழுதி அடி வாங்கியவன்.

அந்தப் பதிலை எழுதியது நீயா? 'உரியவர்கள்' என்றாயே, அந்த உரியவர் நீதானா? மின்னலின் இரண்டு பக்கத்தை நீ படித்தாயா, படிக்காமல் முடித்து வைத்தாயா? இதற்கு நேரான பதில் வேண்டும். அச்செடுத்தாவது அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 17

சுண்டுவுக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது. உடம்பு நன்றாக இருந்தும் எழுதவில்லை என்றால் அதையும் எழுது, எனக்கு எதற்குக் கோபப்படுவது என்று தெரிய வேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 29

அக்கா,

நன்றாகத்தான் இருக்கிறேன். அத்தான், பாப்பா எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

ஆமாம், அந்தப் பதில் நான் எழுதியதுதான். ஷார்ட்கட் பிரிவுக்கு இப்போது நான்தான் தலைவன். போன வருடத்திலிருந்து. உனக்குச் சொல்ல நினைத்தேன், சொல்ல வாய்க்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எண்பதாயிரம் பேர் இந்த எடிட்டரைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நீங்கள் ஆறு பேர். ஒவ்வொருவரும் எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று எழுதுகிறார்கள். ஒருவருக்கு மாற்றினால் இன்னொருவர் கத்துகிறார். என் அக்கா எழுதினாள் என்பதற்காக நான் தனியாக ஒரு விசை வைக்க முடியுமா? வைத்தால் என்னை என்ன சொல்வார்கள்? சின்ன வயதிலிருந்தே நான் எதைச் செய்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பது உனக்கு வழக்கம். இது நான் முதன்முதலாகப் பொறுப்பேற்றுச் செய்த வேலை. நீ ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்வாய் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அது என் முட்டாள்தனம்.

கை வலித்தால் மருத்துவரைப் பார். என்னிடம் வந்து ஏன் சண்டை போடுகிறாய்?

தம்பி

*

மே 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுகிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் அக்காவுக்குத் தெரியாது. நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன், இதை எழுதும்போதும் அப்படித்தான்.

மருத்துவரைப் பார் என்று எழுதியிருந்தாய். ஜனவரியிலேயே பார்த்தாயிற்று. முழங்கையிலிருந்து சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். கையில் கட்டை வைத்துக் கட்டினார்கள். அதோடு வேலைக்குப் போனாள். வலது கை சரியாக இருந்ததால்தான் பேனா பிடித்து உனக்கு எழுதினாள். ரவிக்கைக் கொக்கி அவளால் போட முடியாது, நான்தான் போட்டுவிடுகிறேன். முடி வெட்டியதும் அதற்குத்தான். இதையெல்லாம் அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் "அவன் பயந்துடுவான்" என்பாள். உன்னைத் திட்டித் தீர்ப்பாள், பயமுறுத்த மட்டும் மாட்டாள்.

போன புதன்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. அந்த இரண்டு விரலிலும் உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். கூடத்தில் அவளைத் தட்டச்சிலிருந்து எடுத்துக் கோப்பு அறையில் போட்டுவிட்டார்கள். அடுத்து மின்னலுக்கும் அதே இடத்தில் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். வேலையால் வந்த காயம் என்று உன் அக்கா வழக்குப் போட்டிருக்கிறாள். எந்த மன்றத்தின் விசாரணைகளைத் தட்டச்சு செய்தாளோ அதே மன்றத்தில்தான். கூடத்தின் வக்கீல் போன வாரம் ஒரு அறிக்கையைத் தாக்கல் செய்தார். இந்த எடிட்டர் கைக்கு இதமானது, பதினான்கு பேரை வைத்துச் சோதித்ததில் ஒருவருக்கும் வலி இல்லை, ஆகவே காயம் வீட்டு வேலையால் வந்திருக்க வேண்டும் என்கிறார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து உன்னுடையது.

அவள் அதைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "காபி ஆறிப்போச்சு, சுட வெச்சுக் கொடுங்க" என்றாள். உன் அக்காவுக்குக் கோபம் வந்தால் எனக்குப் பழக்கம். கோபம் வராமல் அப்படிச் சொன்னாளே, அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் லிஃப்ட் வேலை செய்கிறவன். ஒரு கம்பி தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டால் அது என்ன என்று எனக்குத் தெரியும். நீ போட்ட கையெழுத்து எப்படிப்பட்டது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அத்தான்

*

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எழுதினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. உன் கை இப்போது எப்படி இருக்கிறது?

இதைக் கையால் எழுதுகிறேன். என் எழுத்து புரியாவிட்டால் மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

அந்த அறிக்கை பொய். பதினான்கு பேரும் எங்கள் அலுவலகத்து ஆட்கள். ஆளுக்கு இருபது நிமிடம்தான் தட்டச்சு செய்தார்கள். பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்காரர்கள். ஒருவர் மட்டும் கையேட்டுப் பிரிவில் பிழை திருத்துகிறவர், வயது ஐம்பதுக்கு மேல். நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற ஆள் ஒருவராவது வேண்டும் என்று அவரை மட்டும் நாற்பது நிமிடம் உட்கார வைத்தோம். அவர், கையின் ஓரம் இழுக்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. 'எவரும் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. தலைவர் பதவிக்கு என் பெயர் பேச்சில் இருந்தது.

குழு முடிவெடுத்தது என்று உனக்கு எழுதினேன். குழு இல்லை, நான்தான்.

என்ன செய்தால் நீ என்னை மன்னிப்பாய் என்று சொல். செய்கிறேன்.

உன் தம்பி

*

ஜூன் 3

சுண்டுவுக்கு,

கை அப்படியேதான் இருக்கிறது. கொதிக்கிற பாத்திரத்தில் பட்டால்கூடத் தெரியவில்லை. தோல் சிவந்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கேட்டாயே என்று சொல்கிறேன்.

என்ன செய்தால் மன்னிப்பாய் என்றா கேட்கிறாய்? இதென்ன கடையா, இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு எடைபோட்டுத் தருவதற்கு? உன் மன்னிப்பை நீயே வைத்துக்கொள். அந்த அறிக்கையில் உன் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. பதினாறு வருடம் அந்த வக்கீல்களின் சப்பைக்கட்டை எழுதி எழுதி, வீட்டுக்கு வந்து அத்தானிடம், "இவனுங்களையெல்லாம் எந்த வீட்டுல பெத்தாங்களோ" என்பேன். நம் வீட்டில்தான் பெற்றிருக்கிறார்கள்.

நீ எதைச் செய்தாலும் ஓட்டை கண்டுபிடிப்பேன் என்று எழுதினாயே, அதை நான் பத்துத் தடவை படித்தேன். சரி, அது என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மின்னலின் கை என்ன செய்தது?

எனக்கு வேண்டியது அந்தப் பக்கம். பிழை திருத்துகிறவர் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கம். ஜூலை ஒன்பதாம் தேதி விசாரணை. நீ அதோடு வர வேண்டும். தம்பியாக வர வேண்டாம், வீட்டுக்கும் வர வேண்டாம். சாட்சியாக வா. வருவாயா மாட்டாயா என்று ஒரு வரி எழுது. ஆகக்கூடி கீகக்கூடி எதுவும் வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன்.

அந்தப் பக்கத்தை நான் அன்றைக்கே கிழித்துவிட்டிருந்தேன். அதனால் பிழை திருத்துகிற அம்மாவைத் தேடிப் போனேன். ஒரே கட்டடம், இரண்டு மாடி கீழே, இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அங்கே இறங்கியதில்லை. சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்றார். "இருபதாவது நிமிஷத்துலயே சொன்னேன், தம்பி, இழுக்குதுன்னு. நீங்க போனைப் பாத்துக்கிட்டே 'எழுதிக் கொடுங்க மேடம்'னீங்க. எழுதிக் கொடுத்தேன். எங்கிட்ட ஒரு பிரதி இல்லாம நான் எதையும் கொடுக்கறதில்ல. பிழை திருத்தறவ நான்." மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "யாருக்குக் கை போச்சு?" என்று கேட்டார். எங்க அக்காவுக்கு என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பிழை திருத்த ஆரம்பித்தார்.

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். கம்பெனி வக்கீல் கூப்பிட்டு, போக வேண்டாம் என்று முதலில் நயமாகவும் அப்புறம் வேறு மாதிரியும் சொன்னார். மறுநாள் என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வாசல் காவலரிடம் கொடுத்திருந்தார்கள்.

இதை உன்னிடம் புலம்புவதற்காக எழுதவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் அங்கே இருப்பேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 6

சுண்டுவுக்கு,

எல்லாரும் சுகம். வேலை இல்லாமல் இருக்கிறாயே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

தீர்ப்பு வந்துவிட்டது. காயம் வேலையால் வந்ததுதான் என்று எழுதிவிட்டார்கள். கூடத்தில் கால் மிதியைத் திரும்ப வைக்க வேண்டும் என்றும் உத்தரவு. மிதி இன்னும் வரவில்லை. எடிட்டரின் அடுத்த வடிவத்தில் விசைகளை அவரவர் மாற்றிக்கொள்ளலாமாம், செப்டம்பரில் வருகிறதாம். அந்த அறிவிப்பும் பூப்போட்ட எழுத்தில்தான் இருக்கிறது: "நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம்!" படித்துவிட்டு மின்னல் கீபோர்டை எடுத்து வீசப் போனாள். கை பலமில்லாததால் பிழைத்தது.

என் விரல்களில் மோதிர விரல் லேசாகக் கூசுகிறது. சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை. மருத்துவர் இனி அதை எதிர்பார்க்க வேண்டாம் என்றுவிட்டார். நான் கோப்பு அறையிலேயே இருக்கிறேன்.

அன்றைக்கு விசாரணை முடிந்து தாழ்வாரத்தில் நீ நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கப் படியில் இறங்கினேன். அத்தான், "ஒரு வார்த்தை பேசிட்டு வா" என்றார். எனக்கு முடியவில்லை. இளைத்திருந்தாய். அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் அதிகமானது. உன் மேல் கோபமாக இருக்கும்போது உன்னைப் பார்த்து இரக்கப்பட வைக்கிறாயே, அதற்கும் சேர்த்து.

உன் சாட்சியத்தை நான் முழுக்கக் கேட்கவில்லை. அந்த அம்மாவின் பக்கத்தை நீ எடுத்துப் படித்தவரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் முதுகையே பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் வெளியே போய்விட்டேன். அதனால் பதிவு கூடத்துக்கு வந்தபோது மின்னலிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கினேன். உன் சாட்சியம் பதினொரு பக்கம். நன்றாகத்தான் பேசியிருக்கிறாய். பூசி மெழுகவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் இப்படி இருக்கிறது.

கேள்வி: அந்தப் பக்கம் அறிக்கையில் ஏன் இல்லை?
பதில்: நான்தான் எடுத்தேன்.
கேள்வி: ஏன் எடுத்தீர்கள்? பதவிக்காக மட்டுமா?
பதில்: (தெளிவாகக் கேட்கவில்லை.)

அதற்கப்புறம் விசாரணை அதிகாரி, சரி, போதும் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் மின்னலிடம் சண்டைக்குப் போனேன். பதினாறு வருடத்தில் எங்கள் கூடத்திலிருந்து 'தெளிவாகக் கேட்கவில்லை' என்று போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் சொன்னாள், "நான் என்ன சும்மாவா விட்டேன்? பதினொரு தடவை பின்னாடி போனேன் அக்கா. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு போல. ஏதோ சொல்றாரு, பாதி தொண்டையிலயே நின்னுடுது."

பதினொரு தடவை. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே. மரத்துப்போன கையை வைத்துக்கொண்டு, நீ முழுங்கிய ஒரு வாக்கியத்துக்காக. இதைக் கேட்டு உனக்கு என்ன தோன்றுகிறதோ எனக்குத் தெரியாது. எனக்கு உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

அந்த இடத்தில் நீ என்ன சொன்னாய்? எழுதி அனுப்பு. இந்த வருடம் உன்னிடம் நான் கேட்கிற கடைசிக் கேள்வி இது.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அத்தானுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. மின்னலிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லாதே.

அந்த இடத்தில் நான் சொன்னது இதுதான்:

"பதவிக்காக மட்டும் இல்லீங்க. கையோட ஓரம் இழுக்குது, சுண்டுவிரல் மரத்துப்போகுதுன்னு அந்த அம்மா எழுதினதைப் படிச்சதும் எனக்கு எங்க அக்கா ஞாபகம்தான் வந்துச்சு. நாள் பூரா டைப் பண்றவ. இது அவ கையிலதான் போய் விழும்னு அப்பவே தெரிஞ்சுது. அந்தப் பக்கம் கண்ணு முன்னாடி இருந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது. அதனாலதான் கிழிச்சேன்."

உன் தம்பி